மூன்று சென்டிமீட்டர் உடும்புப்பிடி

உயரம் பெரிதல்ல. விழுந்தால் உயிருக்கு ஆபத்தும் இல்லை, கீழே தண்ணீர். எதிராளி கிடையாது. நேரக் கெடுகூடக் கிடையாது. செங்குத்தான ஒரு சுவர், அதிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மட்டுமே வெளியே நீண்டிருக்கும் ஒரு விளிம்பு. விரல்களின் நுனிக் கணுக்களை அதன்மேல் பதித்து, உடலை அந்தரத்தில் தொங்கவிட்டு, பக்கவாட்டில் நகர வேண்டும். விளிம்பு முடிந்துபோகும் இடத்தில் அடுத்த விளிம்புக்குத் தாவ வேண்டும். மறுகரை சேர வேண்டும். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' ஜப்பானின் உடல் வலுமிக்க ஆண்களைப் பல்லாண்டுகளாக ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீரில் தள்ளி வந்திருக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கிளிஃப்ஹேங்கர். மலை விளிம்பில் தொங்குபவன் என்று பொருள் கொள்ளலாம். தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: உடும்புப்பிடி. உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மதில்மேல் எறிந்து, அது கவ்விய பிடியை நம்பித் திருடர்கள் ஏறினார்கள் என்பது நம் கிராமங்களில் சொல்லப்படும் கதை. 1670-ல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே சிங்ககட் கோட்டைக்குள் நுழைந்ததும் உடும்பின் தயவில்தான் என்பது மராட்டிய வழக்கு. உடும்பு ஏறியதோ இல்லையோ, பிடி என்றால் உடும்பு என்பதில் இரு மொழிக்காரர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

மனிதனை உடும்பாக்கிப் பார்க்கும் இந்த வேலையை டோக்கியோவின் டி.பி.எஸ். தொலைக்காட்சி 1997-ல் தொடங்கியது. நிகழ்ச்சியின் பெயர் 'சசுகே'. ஜப்பானியக் கதைகளில் வரும் சருதொபி சசுகே என்ற நிஞ்ஜாவின் பெயர் அது. இந்திய நேயர்களுக்கு இந்த டி.வி. நிலையம் வேறொரு வகையில் பழக்கமானது. போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு வந்து குழந்தைகளையும் அவர்களது தாத்தாக்களையும் ஒன்றாகச் சிரிக்கவைத்த 'தகேஷிஸ் காஸில்', 1986 முதல் 1990 வரை இதே நிலையம் தயாரித்ததுதான். அதில் வழுக்கி விழுவதுதான் நிகழ்ச்சி. சசுகேயில் விழாமல் இருப்பது நிகழ்ச்சி. சிரிப்பதற்கு இங்கே அதிகம் இல்லை.

யோகொஹாமாவில் மிதொரியாமா என்ற இடத்தில் உள்ள படப்பிடிப்பு வளாகத்தில் நூறு பேர் களம் இறங்குகிறார்கள். மொத்தம் நான்கு கட்டங்கள். முதல் இரண்டிலும் கால்களுக்கும் வேகத்துக்கும் வேலை. கடிகாரம் துரத்திக்கொண்டே இருக்கும். நூறு பேரில் பெரும்பாலோர் முதல் கட்டத்திலேயே நனைந்து திரும்பிவிடுவார்கள். நான்காவது கட்டம் ஒரு கோபுரம். அதன் உச்சிக்கு விநாடிக் கணக்கில் ஏற வேண்டும். இவற்றுக்கு இடையே இருக்கும் மூன்றாம் கட்டம்தான் விசித்திரமானது. அங்கே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தடைகளுக்கு நடுவே சற்று நின்று கைகளை உதறிக்கொள்ளலாம். கேட்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: தொங்க முடியுமா?

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய சலுகைபோலத் தோன்றும். உண்மையில் அது ஒரு பொறி. தொங்கிக்கொண்டிருப்பவனின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாராலும் நிறுத்த முடியாது.

விரல்களை மடக்கும் வலிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய வழியே நுழைந்து உள்ளங்கையைக் கடந்து விரல் எலும்புகளில் போய் ஒட்டுகின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கயிறு இழுக்க, பொம்மை முன்னால் கையசைப்பதுபோலத்தான். நாண்கள் எலும்பைவிட்டு விலகி எழும்பிவிடாமல் ஒவ்வொரு விரலிலும் சிறுசிறு வளையங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மூன்று சென்டிமீட்டர் விளிம்பில் எழுபது கிலோ உடல் தொங்கும்போது அந்தப் பளு முழுவதும் இந்த நாண்களிலும் வளையங்களிலும் வந்து இறங்குகிறது. பாறை ஏறுபவர்களுக்கு இந்த வளையங்கள் அறுந்துபோவது தெரிந்த விபத்துதான்.

நாண் தாங்கினாலும் தசை தாங்குவதில்லை. தசை தன் முழு பலத்தில் பெரும்பகுதியைச் செலுத்தி இறுகி நிற்கும்போது, தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. புது ரத்தம் உள்ளே வராது, கழிவு வெளியேறாது. முன்கை கல்லாகிவிடும். மூளை 'பிடி' என்று கட்டளை இட்டபடியே இருக்க, விரல்கள் தாமாக விரியத் தொடங்கும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். போட்டியாளரின் முகத்தில் பயமோ வலியோ வருவதற்கு முன்பே ஒருவித வியப்பு வரும். தன் கை தன் சொல்லைக் கேட்கவில்லை என்ற வியப்பு. அடுத்த கணம் தண்ணீர்.

இங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. பெரிய புஜங்களும் உதவுவதில்லை. சொல்லப்போனால் அவை உபத்திரவம். உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாகும்போது தசையின் பலம் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்துக் கூடுகிறது. எடையோ கன அளவைப் பொறுத்து அதைவிட வேகமாகக் கூடுகிறது. எறும்பு தன்னைவிடப் பெரிய பருக்கையைத் தூக்குவதற்கும் யானைக்கு அது முடியாததற்கும் உள்ள கணக்கு இதுதான். சசுகேயில் அலங்காரமாகச் செதுக்கிய உடல்கள் பல முன்னதாகவே கரைந்துபோயிருக்கின்றன. மூன்றாம் கட்டத்தில் மிஞ்சுபவர்கள் ஒல்லியானவர்கள். சட்டை போட்டால் பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவர்கள் யார் என்பதில்தான் இந்த நிகழ்ச்சியின் உயிர் இருந்தது. தொடக்க காலத்திலிருந்து ஜப்பானியர்கள் பெயர் சொல்லி ஆரவாரித்தவர்களில் ஷிங்கோ யமாமோத்தோ பெட்ரோல் பங்க் ஊழியர். தொஷிஹிரோ தகேதா தீயணைப்பு வீரர். 'மிஸ்டர் சசுகே' என்றே பெயர் வாங்கிவிட்ட கட்சுமி யமாதா இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். யமாதா ஒருமுறைகூட முழு வெற்றி பெற்றதில்லை. கடைசியில் தனக்கு எட்டாததை எட்டிப் பிடிக்க இளைஞர்கள் சிலரைச் சேர்த்துப் பயிற்சிக் குழுவே அமைத்துவிட்டார்.

1999-ல் முதன்முதலாக நான்கு கட்டங்களையும் முடித்தவர் கசுஹிகோ அகியாமா. வடக்கே ஹொக்கைதோ தீவில் நண்டு பிடிப்பவர். பிறவியிலேயே கண் பார்வை மங்கலானவர். அடுத்த வெற்றிக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. 2006-ல் அதைப் பெற்ற மகோத்தோ நகானோவும் கடல்காரர்தான்: மியாசாகி மாகாணத்தைச் சேர்ந்த மீன்பிடிக் கப்பலின் தலைவர். அப்போது வயது 34. தன் கப்பலையே பயிற்சிக்கூடமாக்கி அவர் பழகியதை டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. காலங்காலமாக ஈரக் கயிறும் வலையும் இழுத்த கை, மூன்று சென்டிமீட்டர் விளிம்பைப் பார்த்து மிரளவில்லை.

முதல் இரண்டு வெற்றியாளர்களும் கடலில் பிழைப்பவர்களாக அமைந்தது தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் கையைப் பற்றி ஒரு உண்மை இதில் இருக்கிறது. கை, கேட்டால்தான் கொடுக்கும். நண்டுக் கூடையும் வலையும் அந்த இருவரின் கைகளிடம் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

இனி, நிகழ்ச்சியைத் தயாரிப்பவர்கள் செய்ததைப் பார்க்கலாம். நம் ஊர்க் கிருஷ்ண ஜெயந்தி வழுக்குமரத்தில் எவனாவது உச்சியைத் தொட்டுப் பணமுடிப்பை அவிழ்த்துவிட்டால் திருவிழா முடிந்தது. அடுத்த வருடமும் அதே உயரம், அதே எண்ணெய். மிதொரியாமாவில் அப்படி அல்ல. ஒருவன் ஏறிவிட்டான் என்றால் அடுத்த முறைக்குள் மரத்தையே உயர்த்திவிடுவார்கள்.

கிளிஃப்ஹேங்கரின் பெயர்களே இந்த வரலாற்றைச் சொல்லும். முதலில் வெறும் கிளிஃப்ஹேங்கர். பிறகு 'புதிய' கிளிஃப்ஹேங்கர். அப்புறம் 'அல்டிமேட்', அதாவது இறுதியானது. இறுதியானதற்கும் பிறகு 'கிரேசி' வந்தது. அதற்குப் பின் 'அல்ட்ரா கிரேசி'. சோப்புத்தூள் விளம்பரம்போல அடைமொழிகள் கூடிக்கொண்டே போனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான கொடுமை இருந்தது. 'கிரேசி' வகையில் போட்டியாளர் சுவரைப் பார்த்தபடி தொங்குகிறார்; பிடிக்க வேண்டிய விளிம்போ அவரது முதுகுக்குப் பின்னால், கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தள்ளி எதிர்ச் சுவரில் இருக்கிறது. இரண்டு கைகளையும் விட்டு, அந்தரத்தில் உடலைத் திருப்பி, அந்த மூன்று சென்டிமீட்டரில் விரல் நுனிகளைச் செருக வேண்டும். பின்னர் வந்த 'டைமென்ஷன்' வகையில் பிடிக்க வேண்டிய விளிம்பே அசைந்துகொண்டிருக்கும்.

இப்படி விளிம்பு கேட்பது கூடக் கூட, வெற்றி பெறுபவர்களும் மாறினார்கள். 2010-லும் 2011-லும் இருமுறை வென்ற யூஜி உருஷிஹாரா காலணி விற்பனையாளர். 2015-ல் வென்ற யூசுகே மோரிமோத்தோவுக்கு அப்போது வயது 23. பள்ளி மாணவனாக இருந்தபோதே போட்டியில் கலந்துகொள்ளத் தொடங்கியவர். பின்னாளில் கணினித் துறைப் பொறியாளரானார். 2020-ல் மறுபடியும் வென்றார். காலணிப் பெட்டியும் கணினி விசைப்பலகையும் யாருடைய பிடியையும் வளர்ப்பதில்லை. இவர்கள் தங்கள் கைகளிடம் தாங்களே கேட்டு வாங்கினார்கள். விளிம்பின் நகலை வீட்டிலும் தோட்டத்திலும் கட்டித் தொங்கிப் பழகுவது ஜப்பானில் ஒரு தனி இயக்கமாகவே வளர்ந்துவிட்டது. மீனவருக்குப் பிழைப்பு கொடுத்த வலிமையை, மேசை முன்னால் உட்காருபவர் மாலை நேரங்களைச் செலவிட்டுச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இது நகானோவின் வெற்றியைவிடக் குறைந்தது என்று சொல்ல முடியாது. சில வகையில் கூடுதல்.

அமெரிக்கா இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டது 2009-ல். 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்' என்ற பெயரில் தொடங்கியபோது, தேர்வானவர்களை விமானத்தில் ஏற்றி மிதொரியாமாவுக்கே அனுப்பினார்கள். 2012 முதல் லாஸ் வேகாஸில் சொந்தமாகவே ஒரு மிதொரியாமாவைக் கட்டிக்கொண்டார்கள். மூன்றாம் கட்டத்தில் 'அல்டிமேட் கிளிஃப்ஹேங்கர்' கவனமாக நகலெடுக்கப்பட்டது. ஆனால் ஜப்பானியர்கள் பெரிதுபடுத்தாத ஒன்றை அமெரிக்கர்கள் பெரிதாக்கினார்கள்: பரிசுத் தொகை. 2015-ல் அது பத்து லட்சம் டாலர்.

அந்த ஆண்டுவரை அங்கே யாரும் கடைசிவரை போனதில்லை. அந்த ஆண்டு, ஒரே இரவில் இருவர் போனார்கள். முதலில் ஏறியவர் ஜெஃப் பிரிட்டன். தொழிலில் கேமராமேன். அந்தப் பருவத்தின் எல்லாச் சுற்றுகளிலும் ஒருமுறைகூட விழாதவர். 75 அடிக் கயிற்றை 30 விநாடிக்குள் ஏற வேண்டும் என்பது விதி. 29.65 விநாடியில் மணியை அடித்தார். அமெரிக்காவின் முதல் முழு வெற்றி. அடுத்து வந்தவர் ஐசக் கால்டியெரோ: பாறை ஏறுபவர். அந்த ஆசைக்காக ஓட்டலில் மேசை துடைத்துச் சம்பாதித்தவர். அவர் எடுத்துக்கொண்டது 26.14 விநாடி. வேகமாக ஏறியவருக்கே பரிசு என்பது விதி. பத்து லட்சம் கால்டியெரோவுக்குப் போயிற்று. நாட்டிலேயே முதன்முதலாக அந்த மலையை ஏறிய பிரிட்டனுக்கு அதில் ஒரு டாலர்கூட இல்லை.

மூன்றரை விநாடி வித்தியாசம். ஆனால் இருவரும் கிளிஃப்ஹேங்கரைக் கடந்தபோது அவர்களை யாரும் நேரம் பார்க்கவில்லை. யார் சீக்கிரம், யார் தாமதம் என்ற பேச்சே அங்கு எழவில்லை. கடந்தவன், விழுந்தவன் என்ற இரண்டே சாதிதான். பணம் வந்ததும் கடிகாரமும் வந்துவிட்டது.

கால்டியெரோவின் வெற்றி இன்னொன்றையும் காட்டிற்று. ஜப்பானில் கடலில் இருந்து வந்த கை, அமெரிக்காவில் பாறையிலிருந்து வந்தது. விரல் நுனியில் உடலைத் தாங்குவதுதான் பாறை ஏறுபவர்களின் அன்றாடம். அவர்களது பயிற்சிக்கூடங்களில் விரற்கடை அகல விளிம்புள்ள மரப் பலகைகள் எப்போதும் தொங்கும். தசைநாண்கள் வலுப்பெறத் தசையைவிட அதிக காலம் எடுத்துக்கொள்ளும் என்று அறிந்து, வருடக் கணக்கில் பொறுமையாகப் பழகுகிறவர்கள் அவர்கள்.

எடையும் பலமும் என்ற கணக்கு பெண்களுக்கும் கதவைத் திறந்தது. 2014-ல் டல்லாஸ் நகரில், ஐந்தடி உயரமும் சுமார் 45 கிலோ எடையும் உள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கேசி கட்டன்சாரோ, நகர அளவிலான இறுதிச் சுற்றை முடித்த முதல் பெண்ணானார். அந்த எடையில் தொங்குவது அவருக்குப் பெரிய காரியமாக இல்லை. பிறகு லாஸ் வேகாஸில், இரு சுவர்களுக்கு நடுவே பாய்ந்து கைகால்களை விரித்து நிற்க வேண்டிய தடையில் விழுந்தார். சிறிய உடல் தொங்குவதற்கு வரம். எட்டிப் பிடிப்பதற்கு அல்ல.

இதெல்லாம் டி.வி. வேடிக்கைதானே என்று கேட்கலாம். பிடியின் கதை டி.வி.யோடு முடிந்துவிடுவதில்லை. 2015-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1.4 லட்சம் பேரின் கைப்பிடி அளக்கப்பட்டது. இந்தியாவும் அந்த 17 நாடுகளில் ஒன்று. ஒரு சிறு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்க்கும் சோதனை, வேறொன்றுமில்லை. பிறகு சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார்கள். பிடியில் ஐந்து கிலோ குறைவுக்கு, மரணம் நேரும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. அகால மரணத்தை முன்கூட்டிச் சொல்வதில் ரத்த அழுத்த அளவைவிடக் கைப்பிடி நம்பகமாக இருந்தது. பிடியைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் அல்ல. உடல் முழுவதும் தளர்ந்து வருவதைக் கை முதலில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

2016-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் இளைஞர்களின் கைப்பிடியை அளந்தவர்கள், 1985-ல் வகுக்கப்பட்ட அளவுகளோடு ஒப்பிட்டார்கள். இன்றைய இளம் ஆண்களின் பிடி அப்பாக்கள் காலத்து இளைஞர்களின் பிடியைவிடக் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் காரணம் ஊகிக்க முடியாதது அல்ல. கிணற்றுக் கயிறு, அம்மிக் குழவி, மண்வெட்டிக் காம்பு என்று நம்மிடம் இருந்ததுபோல அவர்களிடமும் கையைக் கேட்டுக்கொண்டே இருந்தவை ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. கேட்பார் இல்லாததால் கையும் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. விலகியவற்றுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. இறைத்தவர்களுக்கும் அரைத்தவர்களுக்கும்தான் அதன் வலி தெரியும். ஆனால் அந்த வேலை போனபோது அதோடு எது போயிற்று என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது ஒலிம்பிக் அமைப்பும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின் நவீன பென்டத்லான் போட்டியில், முரண்டு பிடித்த குதிரையை ஜெர்மானியப் பயிற்சியாளர் ஒருவர் குத்தியது உலகெங்கும் கண்டனத்தைக் கிளப்பியது. அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே நீக்கிவிட முடிவாயிற்று. 2022-ல் அதற்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, சசுகே பாணித் தடை ஓட்டம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸுக்கு அது குறிக்கப்பட்டிருக்கிறது. வளையங்களும் தொங்கு தடைகளும் உண்டு, கடிகாரமும் உண்டு. கடிகாரம் இல்லாத மூன்று சென்டிமீட்டர் விளிம்பை ஒலிம்பிக் கனவான்கள் தொடவில்லை. பதக்கம் கொடுக்க வேண்டுமானால் யார் முந்தி என்று தெரிய வேண்டுமே.

மகோத்தோ நகானோ 2016-ல் சசுகேயிலிருந்து ஓய்வு பெற்றார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் கடந்த விளிம்பு அப்போது அங்கே இல்லை. அதைவிடக் கொடியது ஒன்று அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஜப்பானில் எத்தனையோ வீடுகளில் பையன்களும் பெண்களும் அதன் நகலில் இன்றும் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. நம் வீட்டு நிலைவாசலின் மேற்கட்டையே பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம்தான். அதில் இப்போதைக்கு மாவிலைத் தோரணம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.